மெய்ப்பையும் துவிச்சக்கர வண்டியும்

முல்லைப்பாட்டைப் படித்தவர்களுக்கு ‘மெய்ப்பை’ என்னுஞ் சொல் நினைவிலிருக்கும். பாசறையிலே அரசனுக்குக் காவலாக நின்ற யவனரைக் காட்ட வந்த நப்பூதனார், அவர்கள் மெய்ப்பைக்குள்ளே புகுந்திருந்தார்கள் என்கிறார். மெய்க்கு ஒரு பை, அதுதான் மெய்ப்பை. உரைகாரர் ‘சட்டை’ என்று ஒரு சொல்லிலே பொருள் கூறி அப்பாற் சென்றுவிட்டனர். புலவர் அப்படிச் செல்லவில்லை. உடுப்பதும் போர்ப்பதும் கட்டுவதும் நம்மவர் வழக்கம். ஆள் ஒருவன் பைக்குள் இறங்குவதுபோலத் துணிக்குள் இறங்குவது அவருக்குப் புதுமை. அந்தப் புதுமை ஒரு சொல்லாய்ப் பிறந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு அண்மையாகத் தமிழில் உறங்கிக் கிடக்கிறது.

அந்தச் சொல்லை எழுப்ப வேண்டிய காலம் இதுவென்று தோன்றுகின்றது. நம் பிள்ளைகள் இன்று யவனரினும் வடக்கே போய்ப் பைக்குள் புகுந்திருக்கிறார்கள். புகுந்ததோடு அமையவில்லை, அந்தப் பையோடு துவிச்சக்கர வண்டியும் மிதிக்கிறார்கள்.

என்னிடத்திலே தமிழ் கற்ற மாணவன் ஒருவன் ரொறன்ரோ நகரிலே படிக்கிறான். பகலிலே படிப்பு, மாலையிலே உணவுச்சாலைகளிலிருந்து வீடுகளுக்கு உணவு கொண்டுசென்று கொடுக்கும் தொழில். மோட்டார் வாகனம் வாங்கப் பணமில்லை. யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடத்துக்கு வந்த அதே வாகனந்தான் அங்கும். அவன் புறப்பட்டபோது தாயார் தம் கழுத்திற் கிடந்ததை ஈடுவைத்துக் கொடுத்த பணத்திலே ஒரு பகுதி, அவன் சென்ற முதல் மாதமே ஒரு பெரிய கோட்டுக்குப் போயிற்று. முழங்கால் வரை நீளம். உள்ளே தாராவின் தூவி. கடும் பனிக்கென்றே செய்தது. சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் தை மாதத்திலே அவன் எனக்கு அனுப்பிய செய்தி இது: “ஐயா, கோட்டுப் போட்டு மிதிச்சால் வேர்வையிலை குளிக்கிறன். கடை வாசலிலை சாப்பாட்டுக்குக் காத்து நிண்டால் அந்த வேர்வையே விறைக்குது. கழட்டவும் ஏலாது, போடவும் ஏலாது. என்ன செய்யிறது?”

இதைத் தமிழாசிரியனிடம் ஏன் கேட்டான் என்று வாசகர் வினவலாம். அவனுக்கு அங்கே கேட்கத்தக்க பெரியவர் எவருமிலர் என்பது ஒரு காரணம். இன்னொரு கோட்டு வாங்கப் பணம் ஒருமுறைக்குத்தான் உண்டு, இம்முறை பிழைக்கலாகாது என்பது மற்றொன்று. இரண்டு கிழமை மார்புச் சளியோடு படுத்து, அந்த இரண்டு கிழமை வருவாயையும் அவன் இழந்திருந்தான். ஆகவே விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரையும் துணைக்கொண்டு இதை ஆராயலானேன். கண்டவற்றை ஈண்டு எழுதுகிறேன். இதே பைக்குள்ளே பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் தாய் தந்தையர் இப்பக்கத்தின் வாசகரிலே பலர் என்பதை அறிவேன்.

முதலிலே குளிரைப் பார்க்க வேண்டும். குளிர் வேறு, வாடை வேறு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது முன்பனி, பின்பனி என்று பனிக்கே இரண்டு பொழுதை ஒதுக்கினர். ஆயினும் கூதிர்க்காலத்திலே நம்மை நடுக்குவது பெரும்பாலும் காற்று. நக்கீரர் தம் பாட்டுக்கு நெடுநல்வாடை என்று காற்றின் பெயரையே இட்டார். ரொறன்ரோவின் நிலைமை இன்னும் கடியது. அந்நகரம் ஒன்ராறியோ ஏரிக் கரையிலே ஏறத்தாழ 43 பாகை வட அகலாங்கிலே உள்ளது. தென்பிரான்சிலுள்ள மார்செய் நகரின் அகலாங்கும் அதுவே. வெயில் இரண்டுக்கும் ஒன்றாயினும் குளிர் ஒன்றன்று. தை மாதத்திலே ரொறன்ரோவின் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே சில பாகை. குளிரலை வீசும் இரவுகளிலே 15 பாகை கீழே போவதும் உண்டு.

மிதிப்பவன் இதற்குமேல் தன் வாடையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். காற்று அசையாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலே செல்பவன் முகத்திலே 20 கிலோமீற்றர் வேகக் காற்று அடிக்கிறது. காற்றினால் மிகும் குளிரை முதன்முதல் அளந்தவர்கள் போல் சைப்பிள், சார்ள்ஸ் பசல் என்னும் அமெரிக்கர் இருவர். 1939 முதல் 1941 வரை அந்தாட்டிக்காவிலே தங்கிய ஆராய்ச்சிக் குழுவினர் அவர்கள். சிறு குழல் ஒன்றிலே நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் செல்கிறது என்று பார்த்தார்கள். முடிவை 1945இல் வெளியிட்டார்கள். அக்கணக்கைத் திருத்திக் கனடாவும் அமெரிக்காவும் 2001இல் புதிய வாய்பாடு ஒன்றை ஏற்றன. அதன்படி வெப்பநிலை சுழியமாக இருக்கும் நாளிலே 20 கிலோமீற்றர் வேகக் காற்றுப் பட்டால், மூடாத தோல் உணர்வது மறை 5 பாகை. வெப்பநிலை மறை 10 ஆனால் உணர்வது மறை 18. ஆகவே மிதிப்பவன் தேடும் மெய்ப்பைக்கு முதலிலக்கணம் காற்றைப் புகவிடாமை. அதுவும் முன்புறத்திலே. முதுகின்மேல் வாடை வீசுவதில்லை.

இனி உள்ளே பார்ப்போம். பிழை நேருவது பெரும்பாலும் இங்கேதான்.

மனித உடல் ஓர் அடுப்பு. சும்மா அமர்ந்திருப்பவன் உடலிலிருந்து ஏறத்தாழ 100 உவாற்று வெப்பம் வெளிப்படுகிறது. பழைய மின்குமிழ் ஒன்றின் அளவு. மிதிக்கத் தொடங்கினால் உண்ட உணவின் ஆற்றலிலே ஏறத்தாழ நாலிலொரு பங்குதான் சக்கரத்துக்குச் செல்கிறது. எஞ்சிய முக்காற்பங்கும் வெப்பமாகிறது. சக்கரத்துக்கு 100 உவாற்று வலுக் கொடுப்பவனுடைய உடலிலே மூன்று மின்குமிழுக்குக் குறையாத வெப்பம் எரிகிறதென்க. பேருந்துத் தரிப்பிடத்திலே நிற்பவனுக்கு ஓர் அடுப்பு, மிதிப்பவனுக்கு மூன்று. முன்னவனுக்குச் செய்த கோட்டைப் பின்னவன் அணிந்தால், எரியும் அடுப்பின்மேலே கம்பளியைப் போர்த்தது போலாம்.

வெப்பம் போக வழியில்லாவிட்டால் உடல் வியர்க்கும். வியர்வையாலே வருங் கேடு இரண்டு. குளிரைத் தடுப்பது உண்மையிலே துணியன்று, துணிக்குள்ளே சிறைப்பட்ட அசையாக் காற்று. அக்காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வெப்பம் வெளியே ஓடும். நீர் வெப்பத்தைக் கடத்துவது காற்றைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு. இஃது ஒரு கேடு. மற்றது ஆவியாதல். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும். உட்சட்டையிலே 100 கிராம் வியர்வை ஊறியிருந்தால் (அது அரைக் குவளைத் தேநீர்கூட அன்று), அது உலர்வதற்கு வேண்டும் வெப்பம், சும்மா நிற்கும் ஓருடல் 40 நிமிடம் உண்டாக்கும் வெப்பம் முழுவதற்குஞ் சமன். என் மாணவன் கடை வாசலிலே நிற்கும் நேரத்திலே மூன்றடுப்பும் ஓரடுப்பாகிவிடுகின்றன; அந்த ஓரடுப்பும் சட்டையை உலர்த்தப் போய்விடுகிறது. எஞ்சுவது நடுக்கம். உடலின் உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் அது மருத்துவர் கவனிக்க வேண்டிய ஆபத்து.

இதனாலே, அவன் வாங்கிய கோட்டு மலிவான கோட்டுமன்று, தீய கோட்டுமன்று, வேறொருவனுடைய கோட்டு.

தூவியைப் பழிக்க வேண்டியதில்லை. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலை ஏறச் சென்றவர்களுள் ஜோர்ஜ் பிஞ்ச் என்பவர், பலூனுக்கு நெய்யும் துணிக்குள்ளே தூவியை நிறைத்து ஒரு கோட்டுத் தைப்பித்து அணிந்து சென்றார். உடன்சென்ற கனவான்கள் முதலிலே நகைத்தார்கள். மேலே ஏறிக் காற்று அடித்த பின்பு நகைப்பு நின்றது. நிறைக்கு நிறை பார்த்தால் தூவிக்கு நிகரான குளிர்காப்பு இன்றும் அரிது. ஆனால் தூவிக்கு ஈரம் ஆகாது. நனைந்தால் கட்டியாய் ஒட்டி, தன்னுள்ளே வைத்திருந்த காற்றை இழந்துவிடும். வியர்ப்பவனுக்கும் வெண்பனிச் சேற்றிலே செல்பவனுக்கும் அது ஏற்றதன்று. நின்று காப்பவனுக்கு ஏற்றது.

பருத்தி நமக்குத் தாய்போன்றது. அங்கே அதனை உடலோடு ஒட்டி அணியலாகாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உலர மறுக்கும். மாசி வெயிலிலே நமக்கு இன்பந் தரும் அக்குணமே ரொறன்ரோவிலே நஞ்சாகிறது. கம்பளி அப்படியன்று. தன் நிறையிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீராவியை இழைக்குள்ளே வாங்கிய பின்பும் தொட்டால் ஈரமென்று தோன்றாது. வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் விடும். மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி உடலிலே உறுத்துவதுமில்லை. விலைதான் உறுத்தும். அதற்கு முடியாதவர்க்குப் பொலியெசுத்தர் உண்டு. அது நீரைக் குடியாது, வேர்வையைப் புறத்தே கடத்தி விரைவில் உலரும், மலிவு. இரண்டு நாளிலே மணக்கத் தொடங்கும் என்பது அதன் குறை. தோய்ப்பவனுக்கு அது குறையன்று.

இனி மேலாடை. நீர் புறத்திலிருந்து உள்ளே வரலாகாது, நீராவி உள்ளிருந்து வெளியே போதல் வேண்டும் என்று ஒரே துணியிடம் இரண்டையும் கேட்பது பேராசை. ஆனால் அப்பேராசை ஓரளவு நிறைவேறியிருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே மான்செஸ்ரரிலுள்ள ஷேர்லி ஆராய்ச்சி நிலையத்தார் ‘வென்ரைல்’ என்னும் பருத்தித் துணியை ஆக்கினர். குளிர்கடலிலே விழும் விமானிகளைக் காப்பது நோக்கம். நனைந்ததும் நூல் பருத்து, நெசவின் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். சற்றுமுன் பருத்தியைக் கடிந்த நான் இந்த ஒரு பருத்திக்கு மட்டும் வணக்கஞ் செலுத்துகிறேன். பின்னர் 1969இல் பொப் கோர் என்னும் அமெரிக்கர், ரெப்லோன் என்னும் பொருளைச் சூடாக்கி வெடுக்கென இழுத்தால் அது மிக நுண்ணிய துளைகளையுடைய சவ்வாக விரிவதைக் கண்டார். அத்துளை நீர்த்துளிக்குச் சிறிது, நீராவிக்குப் பெரிது. இன்று விற்கும் மழைமேலாடைகளிலே பல இந்தச் சவ்வையோ இதனையொத்த வேறு சவ்வையோ உடையவை.

சொல்லாராய்ச்சி செய்பவனுக்கு இந்த ஆடைகளின் விலைத்துண்டிலே விருந்து உண்டு. ‘நீர்புகா’ என்பது ஒன்று, ‘நீரை எதிர்க்கும்’ என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றென்று கொண்டு வாங்கியவன் முதல் மழையிலே வேற்றுமையை அறிவான். எதிர்ப்பவன் தோற்கவுங் கூடுமன்றோ? சில துண்டுகளிலே 10,000 என்று ஓரெண் இரண்டு முறை வரும். ஒன்று மில்லிமீற்றர், துணியின்மேலே அவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினாலன்றி ஒழுகாது என்பது அதன் பொருள். மற்றது கிராம், ஒரு சதுரமீற்றர்த் துணியினூடாக ஒரு நாளிலே வெளியேறத்தக்க நீராவியின் நிறை. மழைக்கு அஞ்சுபவன் முதலெண்ணைப் பார்ப்பான். மிதிப்பவன் இரண்டாம் எண்ணை முதலிலே பார்க்க வேண்டும். ஆயினும் எந்தச் சவ்வும் மூன்றடுப்பின் வியர்வை முழுவதையும் வெளியேற்றாது. ஆகையால் அக்குளுக்குக் கீழே இழுத்துத் திறக்கும் சிப் வைத்த மேலாடை, இரண்டெண்ணும் பெரிதாகியும் திறப்பில்லாத மேலாடையினும் மேலானது. திறந்த சாளரத்துக்கு ஒப்பான சவ்வு இன்னுங் கண்டுபிடிக்கப்படவில்லை.

வெட்டும் கவனிக்கத்தக்கது. கடைக் கண்ணாடி முன்னே நிமிர்ந்து நின்று பார்த்து வாங்கியவன் ஏமாறுவான். வண்டியிலே குனிந்து கையை நீட்டும்போது முதுகுப்புறம் மேலேறி இடுப்புத் தெரியும். கை குறுகி மணிக்கட்டுத் தெரியும். ஆகவே முதுகு நீண்டதாய், கை நீண்டதாய், முன்புறம் குறுகியதாய் இருத்தல் வேண்டும். கடையிலே வெட்கப்படாமற் குனிந்து கைநீட்டிப் பார்த்தே வாங்குக. கழுத்துப்பட்டி உயர்ந்திருத்தல் நன்று. தலைமூடி உண்டாயின், கழுத்தைத் திருப்பும்போது அதுவுந் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாத தலைமூடிக்குள்ளே இருப்பவன் பின்னே வரும் லொறியைக் காணான். நிறம் கறுப்பு வேண்டாம். பனிக்காலத்திலே மாலை ஐந்து மணிக்கே இருண்டுவிடும். ஒளியைத் திருப்பியெறியும் பட்டி முதுகிலும் கையிலும் இருத்தல் அவசியம்.

இவ்வளவும் கூடிய ஒரே கோட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கிடையாது என்பதே என் விடை. தடித்த கோட்டு ஒன்று என்பதை விட்டு மெல்லியவை மூன்று என்று கொள்ளவேண்டும். உடலோடு ஒட்டிக் கம்பளியோ பொலியெசுத்தரோ. அதன்மேலே சிறு கம்பளிச்சட்டை. எல்லாவற்றுக்கும் புறத்தே உள்ளுறை எதுவுமில்லாத, காற்றும் நீரும் புகாத மெல்லிய மேலாடை. குளிர் கூடினால் நடுவிலுள்ளதை மாற்றலாம்; மேலாடை ஆண்டு முழுவதற்கும் ஒன்றே. புறப்படும்போது சிறிது குளிரவேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் உடுத்தது கூடிப்போயிற்று. பத்தாவது நிமிடத்திலே வியர்வை வரும். இது நம் இயல்புக்கு மாறானது. குளிருக்குள் இறங்குமுன் மேலும் ஒன்றைப் போர்த்திவிடுவதே தாய்மாரின் அன்பு. தொலைபேசியிலே “வடிவாப் போர்த்துக்கொண்டு போ மோனை” என்று நாளும் சொல்லும் தாய்க்கு இதைச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும்.

என் மாணவனுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. வேலைக்குப் போய்வருபவன் ஒருமுறை மிதித்து ஒருமுறை நிற்கிறான். இவனோ பத்து நிமிடம் மிதித்து, பத்து நிமிடம் நின்று, மீண்டும் மிதிக்கிறான். மிதிப்பதற்குத்தக உடுத்தால் நிற்கும்போது விறைக்கும். நிற்பதற்குத்தக உடுத்தால் மிதிக்கும்போது நனையும். இரண்டுக்கும் இடைப்பட்டதைத் தேடுவது வீண். நிற்கும்போது மேலே போட்டு, மிதிக்கும்போது கழற்றிவைக்க ஒன்று வேண்டும். கையில்லாத மெல்லிய தூவிச்சட்டை இதற்கென்றே பிறந்தது. மடித்தால் ஒரு தேங்காயளவு. இன்னொன்று: உணவுப் பெட்டியை முதுகிலே சுமக்கலாகாது. அப்பெட்டி முதுகை மூடினால் எந்த மேலாடையின் எந்தச் சவ்வும் அங்கே மூச்சுவிடாது. வண்டியின் பின்புறத் தாங்கியிலே கட்டிவிட வேண்டும்.

குளிர் மிகக் கொடியது சுழியத்துக்குக் கீழே 15 பாகையிலன்று, சுழியத்திலேதான் என்பது நான் எதிர்பாராத செய்தி. கடுங்குளிரிலே வெண்பனி மாவுபோல் உலர்ந்திருக்கும், தட்டினால் உதிரும். சுழியத்தை அடுத்தாற்போல் மழையும் பனியும் கலந்து பெய்யும். தெருவெல்லாம் உப்புச் சேறு. சக்கரம் அதை வாரி மேலே எறியும். உடுப்பு நனைவது அன்றுதான். பின்லாந்திலே 65 பாகை வட அகலாங்கில் உள்ள ஊலு நகரிலே, மார்கழியில் பகல் ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலமேயாகச் சுருங்கும் காலத்திலும் சிறுவர்கள் துவிச்சக்கர வண்டியிலே பள்ளி செல்கிறார்கள். 2013இல் குளிர்கால மிதிவண்டி மாநாடு முதன்முதல் கூடியதும் அங்கேதான். அவ்வூரிலே பாதைகளின் பனியை ஒதுக்கி அழுத்திவிடுகிறார்கள்; உலர்ந்த குளிரும் நல்ல பாதையும் இருந்தால் குழந்தையும் மிதிக்கும். ரொறன்ரோவிலே குளிர் குறைவு, ஈரம் மிகுதி. ஒரே மெய்ப்பை இரண்டூருக்கும் பொருந்தாது.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். அவன் பழையன விற்கும் கடையொன்றிலே, உள்ளுறையில்லாத, அக்குளிலே சிப் உள்ள மேலாடையொன்றைத் தேடிப் பிடித்தான். யாரோ மலையேறுபவர் கழித்தது, நிறம் செம்மஞ்சள், முதுகு அவனுக்கு ஒரு சாண் கூடுதல், அதுவே வேண்டியது. மிஞ்சிய பணத்துக்குக் கம்பளி உட்சட்டை இரண்டு. கையில்லாத தூவிச்சட்டை வாங்கப் பணம் போதவில்லை. அதற்கு அவன் செய்தது என் யோசனையன்று, அவனுடையது. தையற்காரி ஒருத்தியிடம் அந்தப் பெரிய கோட்டைக் கொடுத்து, கையையும் இடுப்புக்குக் கீழுள்ளதையும் வெட்டித் தைப்பித்துக்கொண்டான். வெட்டிய கைகளிரண்டையும் எறியவில்லை. இரவிலே மேசையடியிற் கால்களை அவற்றுக்குள் விட்டுக்கொண்டு படிக்கிறானாம். தாயாருக்கு அந்தக் கோட்டை வெட்டிய செய்தி தெரியாது. அவர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற துணிவிலே இதை எழுதுகிறேன்.

மேலாடையைத் தோய்ப்பதைப்பற்றி ஒரு சொல். தோய்த்தாற் சவ்வு கெடும் என்று அஞ்சிப் பலர் தோய்ப்பதில்லை. அழுக்கும் எண்ணெய்ப்பசையும் துளைகளை அடைப்பதாலேதான் அது கெடுகிறது. துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் ஆகாது. தோய்த்தபின், ஆடையிலுள்ள குறிப்பு இடங்கொடுத்தால் மெல்லிய சூட்டிலே உலர்த்த, நீர்த்துளி ஒட்டாது உருண்டோடும் பழைய இயல்பு மீளும். வண்டியின் சங்கிலியையும் பற்சில்லையும் தெருவுப்பு எப்படித் தின்கிறது என்பது வேறு கதை. அதற்கு மெய்ப்பை இல்லை, எண்ணெய்தான்.